நோயுற்றவரின் அருகில் ஒரு புன்னகை

 

நோயுற்ற சகோதரரைச் சென்று நலம் விசாரிப்பது ஒரு முஸ்லிம் மற்றொரு முஸ்லிமுக்குச் செய்ய வேண்டிய கடமைகளுள் ஒன்று என்பதை நாம் அனைவரும் அறிவோம். ஸலாமுக்குப் பதில் கூறுவது, ஜனாஸாவைப் பின்தொடர்வது, அழைப்பை ஏற்பது, தும்மியவருக்கு மறுமொழி கூறுவது ஆகியவற்றோடு இதனையும் சேர்த்தே நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எண்ணிக் கூறியுள்ளார்கள் (புகாரி, முஸ்லிம்). மறுமை நாளில் இறைவன் தன் அடியானிடம், நான் நோயுற்றிருந்தபோது நீ ஏன் என்னைக் காண வரவில்லை என்று கேட்பான் என்றும், அந்த நோயாளியிடம் நீ சென்றிருந்தால் அங்கே என்னைக் கண்டிருப்பாய் என்று கூறுவான் என்றும் முஸ்லிமில் இடம்பெறும் ஹதீஸ் குத்ஸி உணர்த்துகிறது. நோயாளியின் கட்டிலருகே இருப்பதற்கு இதைவிடப் பெரிய சிறப்பு வேறென்ன வேண்டும்?

ஆனால் நோய் விசாரிக்கச் செல்வது வேறு. நோயாளிக்குத் துணையாகத் தங்கியிருப்பது வேறு. விசாரிக்கச் சென்றவர் கால் மணி நேரத்தில் துஆ செய்துவிட்டுத் திரும்பிவிடுகிறார். துணைக்குத் தங்கியவரோ அறுவை சிகிச்சை முடிந்த நாள் முதல் தையல் பிரித்து வீடு திரும்பும் வரை பகலும் இரவும் அந்த நாற்காலியிலேயே இருக்கிறார். மருந்து வாங்குவதும், உணவு ஊட்டுவதும், கைத்தாங்கலாக நடக்க வைப்பதும் அவருடைய வேலை. இவற்றை எப்படிச் செய்வது என்று செவிலியர் சொல்லித் தருவார். மற்ற நேரமெல்லாம் அந்த நோயாளியுடன் எப்படி இருப்பது என்பதை மட்டும் யாரும் சொல்லித் தருவதில்லை.

இதனால் இரண்டு விதமான மனிதர்களை மருத்துவமனைகளில் நாம் காண்கிறோம். ஒருவர் மையித்து வீட்டில் அமர்ந்திருப்பவரைப் போன்ற முகத்துடன் பெருமூச்சு விட்டபடியே இருக்கிறார். அவர் முகத்தைப் பார்த்தே நோயாளி தன் நிலை மோசமாகிவிட்டது என்று முடிவு செய்துகொள்கிறார். மற்றவரோ நோயாளியைச் சிரிக்க வைத்தே தீருவது என்று வந்தவர். வாய் ஓயாமல் வேடிக்கை பேசுகிறார். நோயாளி வலியோடும் மரியாதைக்காகவும் சிரித்துச் சிரித்துக் களைத்துப் போகிறார். இவ்விரண்டும் பணிவிடை ஆகா. இவற்றுக்கு இடையே ஓர் அழகிய வழி உண்டு. அதனை நம் பெருமானார் (ஸல்) அவர்களே நடந்து காட்டியிருக்கிறார்கள்.

நோயாளி எதை இழந்திருக்கிறார்?

அறுவை சிகிச்சை முடிந்து படுத்திருக்கும் ஒரு பெரியவரை எண்ணிப் பாருங்கள். முப்பது ஆண்டுகளாகக் கடை நடத்தியவர். வீட்டில் திருமணம் முதல் வீடு கட்டுவது வரை அவர் சொல்லே முடிவாக இருந்தது. இன்று அவர் உடம்பில் மருத்துவமனை கொடுத்த அங்கி. கையில் டிரிப்ஸ் ஊசி. கட்டிலின் ஓரத்தில் சிறுநீர்ப் பை. தண்ணீர் குடிக்கவும் அனுமதி வேண்டும். ஒருக்களித்துப் படுக்கவும் மற்றொருவர் கை வேண்டும். நேற்று வரை பெயரைச் சொல்லி ஸலாம் கூறிய உலகம் இன்று கட்டில் எண்ணைச் சொல்லிக் கூப்பிடுகிறது.

அவருக்கு உண்டான காயத்தை மருத்துவர் தைத்துவிட்டார். அவர் இழந்த மதிப்பையும் இடத்தையும் யார் மீட்டுத் தருவது? இங்கேதான் துணையிருப்பவரின் பணி தொடங்குகிறது. இவ்வளவுக்கும் நடுவில் அந்தப் பெரியவர் தம் வாயால் ஒரு வேடிக்கையான வார்த்தை சொல்லி, அதைக் கேட்டு மகன் சிரித்தால், அந்த ஒரு கணம் அவர் மீண்டும் தம் வீட்டின் தலைவராகிறார்.

ஆகவே சகோதரர்களே, இந்தக் கட்டுரையின் சாரத்தை முதலிலேயே கூறிவிடுகிறோம். நோயாளியின் அருகில் நகைச்சுவை நம்மிடமிருந்து கொட்ட வேண்டியதில்லை. அது அவரிடமிருந்து பிறப்பதற்கு இடம் கொடுப்பதே நம் வேலை.

பெருமானார் (ஸல்) அவர்கள் காட்டிய வழி

ரூமி என்று அறியப்பட்ட ஸுஹைப் (ரலி) அவர்கள் தம் அனுபவம் ஒன்றைத் தாமே கூறுகிறார்கள். இது இப்னு மாஜாவில் இடம்பெற்றுள்ளது. அவர் கண்நோயுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்தார். அவர்கள் முன் ரொட்டியும் பேரீத்தம் பழமும் இருந்தன. வந்து உண்ணுமாறு நபியவர்கள் அழைத்தார்கள். ஸுஹைப் (ரலி) பேரீத்தம் பழங்களை எடுத்து உண்ணத் தொடங்கினார். கண்வலியை வைத்துக்கொண்டா பேரீத்தம் பழம் உண்கிறீர் என்று நபியவர்கள் கேட்டார்கள். அதற்கு அவர், வலியில்லாத மறுபக்கத்தால் மெல்லுகிறேன் என்று பதில் சொன்னார். பெருமானார் (ஸல்) அவர்கள் புன்னகைத்தார்கள்.

இந்தச் சிறிய நிகழ்ச்சியை நிதானமாக எண்ணிப் பாருங்கள். நோயாளியை அழைத்து அருகில் அமர்த்தியவர்கள் நபியவர்கள். அக்கறையுடன் ஒரு கேள்வி கேட்டவர்களும் அவர்களே. ஆனால் வேடிக்கையான வார்த்தை நோயாளியின் வாயிலிருந்து வந்தது. இறைத்தூதரின் கேள்விக்கு இப்படியா பதில் சொல்வது என்று அங்கே யாரும் கடிந்துகொள்ளவில்லை. அகிலத்தின் தலைவர் அந்த வார்த்தைக்குப் பரிசாக ஒரு புன்னகையைத் தந்தார்கள். நோயாளிக்கு நாம் தரக்கூடிய நகைச்சுவையின் முழு இலக்கணமும் இதில் அடங்கியிருக்கிறது: அருகில் அமர்த்துங்கள், அக்கறையுடன் கேளுங்கள், அவர் வேடிக்கை செய்தால் புன்னகையுங்கள்.

அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் கடும் தலைவலியால் தலையைப் பிடித்துக்கொண்டு அரற்றிய நிகழ்ச்சி புகாரியில் வருகிறது. நான் உயிரோடிருக்கும்போதே உமக்கு ஏதேனும் நேர்ந்தால் உமக்காகப் பாவமன்னிப்புத் தேடிப் பிரார்த்திப்பேன் என்ற கருத்தில் நபியவர்கள் பேசினார்கள். உடனே அன்னையார், அப்படியானால் நான் இறந்த அன்று மாலையே தாங்கள் வேறொரு மனைவியின் வீட்டில் இருப்பீர்கள் என்று உரிமையோடு பதில் கொடுத்தார்கள். தலைவலியிலும் அவர்களுடைய அந்தத் துடிப்பான பேச்சு மறையவில்லை. நபியவர்கள் கோபிக்கவும் இல்லை. எனக்கும்தான் தலை வலிக்கிறது என்று தம்மையும் அந்த வலியில் சேர்த்துக்கொண்டார்கள்.

அனஸ் (ரலி) அவர்களின் சின்னஞ்சிறு தம்பி, தான் வளர்த்த குருவி இறந்ததால் வாடியிருந்தான். நபியவர்கள் அவனை அபூ உமைர் என்று ஒரு பெரிய மனிதரை அழைப்பது போல அழைத்து, அந்தக் குருவி என்னவாயிற்று என்று ஓசை நயத்தோடு விசாரித்தார்கள் (புகாரி, முஸ்லிம்). குழந்தையின் துயரம் அற்பமானது என்று தள்ளவுமில்லை. அதைக் கேலி செய்யவுமில்லை. அவனுக்கு ஒரு பெரிய மனிதரின் மதிப்பைக் கொடுத்து, அந்த மதிப்பின் வழியாகவே அவன் மனத்தை லேசாக்கினார்கள்.

1986ஆம் ஆண்டு நியூயார்க் நகரில் சர்க்கஸ் கோமாளிகள் சிலர் குழந்தைகள் மருத்துவமனைக்குச் சென்று நோயுற்ற குழந்தைகளை மகிழ்விக்கும் பணியைத் தொடங்கினர். பின்னர் அது பல நாடுகளுக்கும் பரவியது. பயிற்சி பெற்ற இந்தக் கோமாளிகளிடம் ஓர் ஒழுக்கம் உண்டு. அறையின் வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று அந்தக் குழந்தையிடமே கேட்பார்கள். வேண்டாம் என்று குழந்தை சொன்னால் திரும்பிவிடுவார்கள். மருத்துவமனையில் எதற்கும் மறுப்புச் சொல்ல முடியாத அந்தக் குழந்தைக்கு மறுக்கும் உரிமையைக் கொடுப்பதும் ஒரு மருந்துதான். பிறர் வீட்டில் நுழையுமுன் ஸலாம் கூறி அனுமதி கேட்கக் கற்றுக்கொடுக்கப்பட்ட சமுதாயம் நாம். நோயாளியின் கட்டிலும் அவருடைய வீடுதான் என்பதை மறந்துவிடக் கூடாது.

சிரிப்பு என்ன செய்யும்? என்ன செய்யாது?

சிரிப்பே சிறந்த மருந்து என்று பலரும் சொல்லக் கேட்கிறோம். இதில் உண்மை எவ்வளவு என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

அமெரிக்கப் பத்திரிகையாசிரியர் நார்மன் கசின்ஸ் 1964ஆம் ஆண்டு மூட்டுகளையும் முதுகெலும்பையும் இறுக்கும் கடும் நோயில் விழுந்தார். நகைச்சுவைப் படங்களைப் பார்த்துப் பத்து நிமிடம் வயிறு குலுங்கச் சிரித்தால் தமக்கு இரண்டு மணி நேரம் வலியில்லாத உறக்கம் கிடைத்தது என்று அவர் பின்னர் எழுதினார். 1979இல் வெளிவந்த அவருடைய நூல் உலகெங்கும் பேசப்பட்டது. ஆனால் அது ஒரு தனிமனிதரின் அனுபவம். சிரிப்பினால் நோய் தீரும் என்பதற்கு அது சான்றாகாது.

ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ராபின் டன்பாரும் அவருடைய குழுவினரும் 2011இல் வெளியிட்ட ஆய்வு சற்று உறுதியானது. நகைச்சுவைக் காட்சிகளைப் பார்த்து உண்மையாகவே சிரித்தவர்கள், சாதாரணக் காட்சிகளைப் பார்த்தவர்களை விட வலியைக் கூடுதலாகத் தாங்கினார்கள் என்பது அதன் முடிவு. பிறரோடு சேர்ந்து சிரிக்கும்போது உடலில் இயற்கையான வலிநிவாரணிப் பொருள் சுரப்பதே இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் கருதினர். அந்த ஆய்வில் பங்குகொண்டவர்கள் நலமாக இருந்தவர்களே தவிர அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் அல்லர். எனவே மருத்துவர் கொடுத்த வலி மாத்திரைக்குப் பதிலாகச் சிரிப்பு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். மாத்திரை மாத்திரையின் வேலையைச் செய்யட்டும். சிரிப்பு அதற்கு உதவியாக இருக்கட்டும்.

நோயாளியின் மனத்தை மகிழ்விப்பது சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை நம் முன்னோர் நன்கறிந்திருந்தனர். உஸ்மானிய சுல்தான் இரண்டாம் பாயசீத் எதிர்னே நகரில் கட்டி 1488இல் நிறைவு செய்த மருத்துவமனையைப் பதினேழாம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலபி வர்ணித்திருக்கிறார். நோயாளிகளின் மனம் தெளிவதற்காக அங்கே பத்துக் கலைஞர்கள் வாரத்தில் மூன்று நாட்கள் இசைத்தனர் என்று அவர் எழுதுகிறார். இசை பற்றிய மார்க்கச் சட்ட விவாதம் ஒருபுறம் இருக்கட்டும். நோயாளிக்கு மருந்தும் உணவும் மட்டும் போதா என்று உணர்ந்து, அதற்கென ஆட்களை நியமித்துச் சம்பளமும் கொடுத்த அந்தப் பரிவை நாம் கவனிக்க வேண்டும். அந்தக் கட்டடம் இன்று மருத்துவ வரலாற்று அருங்காட்சியகமாக விளங்குகிறது.

தையல் போட்ட உடம்பு

நகைச்சுவைக்கு உடலின் எல்லை ஒன்று உண்டு. வயிற்றிலோ நெஞ்சிலோ அறுவை செய்தவருக்கு முதல் சில நாட்கள் இருமல், தும்மல், சிரிப்பு ஆகிய மூன்றும் காயத்தை இழுத்து வலிக்கச் செய்யும். இதய பைபாஸ் செய்தவருக்கு நெஞ்செலும்பை அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பார்கள். அது கூடி வரப் பல வாரங்கள் ஆகும். எனவே பின்வருவனவற்றைக் கவனத்தில் கொள்ளுங்கள்.

ஒன்று: நோயாளியின் கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு சிறிய தலையணையையோ மடித்த துண்டையோ வையுங்கள். இருமும்போதும் சிரிக்கும்போதும் அதைக் காயத்தின் மேல் அணைத்தாற்போல் பிடித்துக்கொண்டால் வலி குறையும். இதைச் செவிலியரே கற்றுத் தருவார்.

இரண்டு: மயக்க மருந்தின் தாக்கம் தெளியாத முதல் நாளில் வேடிக்கைப் பேச்சு வேண்டாம். கையைப் பிடித்துக்கொண்டு அமைதியாக இருப்பதே போதும். வலிக்கான மருந்து வேலை செய்து, முகம் தெளிந்திருக்கும் நேரமே உரையாடலுக்கு ஏற்றது.

மூன்று: உணவோ நீரோ வாயில் இருக்கும்போது சிரிக்க வைக்காதீர்கள், புரையேறிவிடும்.

நான்கு: மூன்று பந்துகள் கொண்ட மூச்சுப் பயிற்சிக் கருவியை மருத்துவமனையில் கொடுப்பார்கள். நுரையீரலின் அடிப்பகுதி சுருங்கிச் சளி தேங்கிவிடாமல் இருக்க மூச்சை ஆழமாக இழுப்பது அவசியம். பெரியவர்கள் பலரும் வலிக்குப் பயந்து அதைத் தொடமாட்டார்கள். இதோ மூன்றாவது பந்தும் மேலே வந்துவிட்டது என்று பேரப்பிள்ளை எண்ணிச் சொன்னால் அந்தக் கடினமான பயிற்சி ஒரு விளையாட்டாகிவிடும். தாத்தா ஜெயித்தாரா பந்து ஜெயித்ததா என்று அவரே பிறகு கேட்பார்.

ஐந்து: மூச்சுத் திணறல், நெஞ்சு வலி, காயத்திலிருந்து இரத்தமோ நீரோ கசிதல், திடீரென உளறுதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே செவிலியரை அழையுங்கள்.

நகைச்சுவையின் வரம்புகள்

நபி (ஸல்) அவர்கள் வேடிக்கையாகப் பேசுவார்கள். ஆனால் அதிலும் உண்மையைத் தவிர வேறெதையும் கூறமாட்டார்கள் என்பது திர்மிதியில் காணப்படும் செய்தி. பிறரைச் சிரிக்க வைப்பதற்காகப் பொய் சொல்பவனுக்குக் கேடுதான் என்றும் அவர்கள் எச்சரித்துள்ளார்கள் (அபூதாவூத், திர்மிதி). நாளைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று விளையாட்டுக்குச் சொல்லி ஒரு நோயாளியை நம்ப வைக்காதீர்கள். மறுநாள் காலை அவர் படும் ஏமாற்றத்தை எந்த வேடிக்கையாலும் ஈடுசெய்ய முடியாது.

பயணம் ஒன்றில், உறங்கிக்கொண்டிருந்த தோழரின் கயிற்றை ஒருவர் விளையாட்டாக எடுக்க, அவர் திடுக்கிட்டு விழித்தார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிடச் செய்வது மற்றொரு முஸ்லிமுக்கு ஆகாது என்று அப்போது நபியவர்கள் கூறினார்கள் (அபூதாவூத்). டாக்டர் ஊசியோடு வருகிறார் என்று பயமுறுத்திச் சிரிப்பதும், என் மச்சானுக்கும் இதே ஆபரேஷன்தான் என்று தொடங்கி அவர் மவுத்தான கதையைச் சொல்லி முடிப்பதும் இந்தத் தடைக்குள் அடங்கியவையே.

உடலின் பலவீனத்தைக் கண்டு சிரிப்பதும் கூடாது. வயிற்றில் அறுவை செய்தவரிடம், வாயு பிரிந்ததா என்று மருத்துவர் ஒவ்வொரு நாளும் கேட்பார். குடல் மீண்டும் இயங்கத் தொடங்கியதற்கு அது அடையாளம். குடும்பமே அந்த நற்செய்திக்காகக் காத்திருக்கும். அது கிடைத்ததும் பெரியவரே, வாழ்நாள் முழுவதும் இதற்காக வெட்கப்பட்டேன், இன்றுதான் எல்லோரும் மாஷா அல்லாஹ் என்கிறீர்கள் என்று சொல்லிச் சிரித்தால், நீங்களும் சேர்ந்து சிரிக்கலாம். அவர் கூச்சத்தோடு முகத்தைத் திருப்பிக்கொண்டால், அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டுப் பேச்சை மாற்றிவிடுங்கள். தானும் செய்கின்ற ஒன்றைப் பிறர் செய்யும்போது மட்டும் ஏன் சிரிக்க வேண்டும் என்று இதே விஷயத்தில் நபியவர்கள் மக்களுக்கு உபதேசித்தது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது.

இன்னொன்றை மிக வலியுறுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. பெரிய அறுவைக்குப் பிறகு வயது முதிர்ந்தோருக்கு முதல் சில நாட்களில் மனக்குழப்பம் உண்டாவது சாதாரணம். இரவில் அது மிகும். தாம் இருப்பது கடையென்று எண்ணிக் கணக்குக் கேட்பார்கள். எப்போதோ இறந்துபோன தாயைக் கூப்பிடுவார்கள். பெரும்பாலும் இது தெளிந்துவிடும். அந்தப் பேச்சைக் கேட்டுச் சிரிப்பதும், செல்பேசியில் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் குடும்பத்தாருக்கு அனுப்புவதும் பெரும் பாவமான காரியங்கள். அவருடைய மானம் உங்கள் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானத். அவருடைய மூக்குக்கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் மாட்டிவிடுங்கள். இன்று என்ன கிழமை, இது எந்த ஊர், நான் யார் என்று அமைதியாகச் சொல்லுங்கள். பழகிய குரல் அவருக்கு வழிகாட்டும். செவிலியரிடமும் தெரிவியுங்கள். தெளிந்த பிறகு அவரே தம் உளறலைக் கேட்டறிந்து சிரிக்கலாம். அது அவருடைய உரிமை, நம்முடையதன்று.

வார்டில் பக்கத்துக் கட்டில்களும் உண்டு என்பதை நினைவில் வையுங்கள். இங்கே சிரிப்பு எழும்போது அங்கே ஒருவர் கெட்ட செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

வேடிக்கையை நிறுத்த வேண்டிய நேரம்

விளக்கணைந்த பின் ஒரு நேரம் வரும். அதுவரை பேசாமல் படுத்திருந்தவர் மெல்லக் கூப்பிட்டு, நான் பிழைப்பேனா என்று கேட்பார். அல்லது, அந்த நிலத்தை உன் தங்கைக்கு எழுதி வைக்காமல் விட்டுவிட்டேனே என்பார். அதெல்லாம் ஒன்றுமில்லை, நீங்கள் நூறு வயது இருப்பீர்கள் என்று சிரித்து மழுப்புவது பலருடைய வழக்கம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறார்கள். ஆனால் கேட்டவர் அந்த இருட்டில் மறுபடியும் தனியாகிவிடுகிறார்.

ஸஅத் பின் அபீ வக்காஸ் (ரலி) அவர்கள் மக்காவில் கடுமையாக நோயுற்றபோது நபியவர்கள் அவரைக் காண வந்தார்கள். தம் செல்வம் முழுவதையும் தர்மம் செய்துவிடட்டுமா என்று ஸஅத் கேட்டார். இந்த நேரத்தில் எதற்கு அந்தப் பேச்சு என்று நபியவர்கள் தட்டிக் கழிக்கவில்லை. முழுவதும் வேண்டாம், பாதியும் வேண்டாம், மூன்றில் ஒன்று செய்யலாம், அதுவே அதிகம் என்று தெளிவாகப் பதிலளித்தார்கள். கேள்விக்கு நேரான பதில் கொடுத்த பின்னரே, நீர் இன்னும் வாழ்ந்து மக்கள் உம்மால் பயனடையக்கூடும் என்று நம்பிக்கையும் ஊட்டினார்கள். அவருடைய நலத்துக்காக துஆவும் செய்தார்கள் (புகாரி). ஸஅத் (ரலி) அவர்கள் அதன் பிறகு நாற்பது ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, காதிஸிய்யாப் போரில் படைத்தலைவராகவும் இருந்தார்கள்.

எனவே அவர் மரணத்தைப் பற்றிப் பேசினால் பேச விடுங்கள். வஸிய்யத் பற்றிச் சொன்னால் குறித்துக்கொள்ளுங்கள். சில நேரம் அவருடைய கவலை காயத்தைப் பற்றியதாகவே இராது. தொழுகை விடுபட்டதே அவரை உறுத்திக்கொண்டிருக்கும். மூலநோயால் வருந்திய இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களிடம், நின்று தொழுங்கள், இயலாவிட்டால் உட்கார்ந்து, அதுவும் இயலாவிட்டால் ஒருக்களித்துப் படுத்துத் தொழுங்கள் என்று நபியவர்கள் கூறியதை (புகாரி) எடுத்துச் சொல்லி, தயம்மும் செய்ய உதவுங்கள். தீர்க்கக்கூடிய கவலையைச் சிரிப்பால் மூடக் கூடாது. அதைத் தீர்த்துவிட்டால் சிரிப்பு தானே வரும்.

நீண்ட நேரம் அமர்வோருக்கு

கூஃபா நகரின் புகழ்பெற்ற ஹதீஸ் அறிஞர் அஃமஷ் (ரஹ்) அவர்கள் ஹிஜ்ரி 148இல் காலமானவர்கள். ஒருமுறை அவர்கள் நோயுற்றிருந்தபோது விசாரிக்க வந்தவர்கள் எழுந்து போகாமல் நெடுநேரம் அமர்ந்திருந்தனர். அஃமஷ் தம் தலையணையை எடுத்துக்கொண்டு தாமே எழுந்து நின்று, உங்கள் நோயாளியை அல்லாஹ் குணப்படுத்திவிட்டான் என்ற கருத்தில் கூறினார்களாம். வந்தவர்கள் கலைந்து சென்றனர்! இங்கும் வேடிக்கை நோயாளியுடையதுதான். ஆனால் அதற்கு இலக்கானவர்கள் நாமாக இருக்கக் கூடாதே!

விருந்தினர் கூட்டத்தை மென்மையாக அனுப்பி வைப்பதும் துணையிருப்பவரின் கடமை. கட்டிலருகே மருத்துவமனைச் செலவுக் கணக்கைப் பேசாதீர்கள். இரவு முறையை உடன்பிறந்தோர் பங்கிட்டுக்கொள்ளுங்கள். உறக்கமின்றி எரிச்சலடைந்த முகத்தில் புன்னகை எப்படி மலரும்? கைகளைக் கழுவிய பின்னரே நோயாளியைத் தொடுங்கள்.

நகைச்சுவைக்கு வழி திறப்பது எப்படி என்று கேட்பீர்களானால், அவர் யாராக வாழ்ந்தாரோ அந்த மனிதரிடம் பேசுங்கள் என்பதே பதில். மேலே சொன்ன கடைக்காரப் பெரியவருக்குப் பித்தப்பையில் அறுவை நடந்ததாக வைத்துக்கொள்வோம். வாப்பா, டாக்டர் உங்கள் கற்களை ஒரு புட்டியில் போட்டுக் கொடுத்திருக்கிறார் என்று மகன் சொல்கிறான். எண்ணி வாங்கினாயா, சரக்கை எண்ணாமல் வாங்கக் கூடாது என்று எத்தனை முறை சொல்லியிருக்கிறேன் என்கிறார் அவர். மகன் உண்மையாகவே புட்டியைத் திறந்து எண்ணத் தொடங்குகிறான். பெரியவர் தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு சிரிக்கிறார். மகன் வேடிக்கை ஏதும் சொல்லவில்லை. ஒரு செய்தியைச் சொன்னான். தந்தையின் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தான். அவ்வளவே.

தோழர்களின் முகத்தைப் பார்த்துப் புன்னகைப்பதும் தர்மம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கூறியிருக்க (திர்மிதி), நோயுற்ற தாய் தந்தையரின் வார்த்தைக்குப் புன்னகைப்பது எவ்வளவு பெரிய தர்மம்! நமக்குச் சிரிக்கக் கற்றுத் தந்தவர்கள் அவர்கள்தாம். தொட்டிலருகே அமர்ந்து நம் மழலைக்கெல்லாம் சிரித்தார்கள். இன்று கட்டிலருகே அமரும் முறை நம்முடையது.

சிரிக்க வைப்பவனும் அழ வைப்பவனும் தானே என்று திருக்குர்ஆனில் (53:43) அறிவித்துள்ள வல்ல நாயன், நோயுற்றிருக்கும் நம் உறவினர் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை வழங்குவானாக! அவர்களுக்குப் பணிவிடை செய்வோருக்குப் பொறுமையையும், இனிய சொல்லையும், மலர்ந்த முகத்தையும் தந்தருள்வானாக! ஆமீன், யாரப்பல் ஆலமீன்.